கழுத்துப் பட்டையும் நெற்றிப் பட்டையும்

போன வாரம் சென்னை விமான நிலையத்தில், கவுன்டரில் இருந்த பெண் "அந்தப் பையையும் வையுங்க சார்" என்றார். கைப்பையை யாரும் நிறுக்க மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இதை எழுதுகிற ஆசாமி இருபது வருடமாகக் காமிராவோடு ஊர் சுற்றுகிறார். தராசு 9.4 கிலோ காட்டியது. அனுமதி 7.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஏப்ரல் வெயிலில் குளிர்கோட்டு ஏறியது. இடது பாக்கெட்டில் வைடு லென்ஸ், வலது பாக்கெட்டில் எண்பத்தைந்து, சட்டைப் பையில் பேட்டரிகள், கழுத்தில் பாடி. பை 6.9-க்கு இறங்கியது. விமானம் தூக்கப்போகிற எடை என்னவோ அதேதான். இதை எடுத்துச் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பெட்டியில போட்டுடலாமே சார்" என்றார். உதிரி லித்தியம் பேட்டரியைப் பெட்டியில் போடக் கூடாது என்பது விதி. லென்ஸைப் பெட்டியில் போடக் கூடாது என்பது தாய்ப்பாசம்.

வெளிநாட்டுக்கு எந்தக் காமிரா தோது என்று கேட்கிறவர்களுக்கு ஆசாமியிடம் ஒரே வரியில் பதில் இருக்கிறது. கடைசியில் சொல்வார். அதற்கு முன் இந்தக் கழுத்துப் பட்டை விவகாரத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

கியோட்டோவின் கியோமிசு கோயில் மர மாடத்தில் ஊரே நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறது. காமிராக்காரர்கள் மட்டும் அடுத்தவர் கழுத்தைப் பார்க்கிறார்கள். எதிரே வருகிறவருக்கும் நமக்கும் பொது மொழி கிடையாது. பட்டையில் அதே பெயர் இருந்தால் லேசாகத் தலையாட்டுவார். மஞ்சள் எழுத்தில் நிக்கான் என்று இருந்தால், கேனான் பட்டையைக் கண்டதும் மலையழகில் ஈடுபட்டுவிடுவார். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கூலியில்லாமல் விளம்பரப் பலகை சுமக்கிறோமே என்ற வெட்கம் இரு தரப்புக்கும் இல்லை. ஆசாமிக்கும் இல்லை. அன்று அவர் பார்த்தது பதினோரு கேனான், ஒன்பது நிக்கான். எண்ணியிருக்கிறார்.

இது வடகலை தென்கலை விவகாரம்தான். காஞ்சிபுரத்தில் அது கோர்ட்டு வரை போனது. இங்கே நெற்றிக்குப் பதில் கழுத்து, அவ்வளவுதான். பிரமாணம் கேட்டால் கேனான்காரர்கள் கை ஓங்கியே இருக்கிறது. 1934-ல் டோக்கியோவில் செய்த மாதிரிக் காமிராவுக்கு வைத்த பெயர் குவானோன். ஜப்பானியர் கன்னோன் என்று கும்பிடும் கருணைத் தெய்வத்தின் பெயர் அது. வடமொழியில் அவலோகிதேசுவரர், தமிழில் அவலோகிதன். அந்த அவலோகிதனிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டார் என்கிறது 11-ம் நூற்றாண்டின் வீரசோழியம். ஆக, கேனானும் தமிழும் ஒரே இடத்துச் சரக்கு. ஆசாமி எந்தக் கட்சி என்று இன்னுமா தெரியவில்லை?

நிக்கானுக்கு இப்படி ஸ்தல புராணம் இல்லை. 1917-ல் தொடங்கியபோது 'ஜப்பான் ஒளியியல்' என்று மொட்டையாக ஒரு பெயர். ஆனால் அவர்களுக்கு ஓர் அடியார் கிடைத்தார். 1950-ல் லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானில் நிக்கார் லென்ஸைப் பார்த்துச் சொக்கிப்போய், அதைத் தம் லைக்கா பாடியில் மாட்டிக்கொண்டு கொரியப் போரைப் படமெடுக்கப் போனார். வடகலை உடம்பு, தென்கலை நாமம். அதற்கப்புறம்தான் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் ஜப்பான் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். சோனிக்காரர்களைப் பற்றிப் பேச வேண்டாம். கோனிகா மினோல்டாவின் காமிராத் தொழில் அவர்கள் கைக்கு வந்ததே 2006-ல்தான். 2013-ல் ஏ7 வந்த பிறகு அங்கே போனவர்களுக்கு, மதம் மாறியவர்களுக்கே உரிய ஆவேசம்.

லைக்காக்காரர்கள் தனி ஜாதி. பாடியின் நெற்றியில் சிவப்புப் பொட்டு. அது பளிச்சென்று தெரிகிறதென்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டுவார்கள். புகைப்பட மேதை கார்த்தியே-பிரெசான் தம் லைக்காவின் பளபளப்பை டேப்பால் மறைத்தது தெருவில் யார் கண்ணிலும் படாமலிருக்க. இவர்கள் ஒட்டுவது, அவர் ஒட்டினார் என்பதற்காக. கம்பெனிக்கும் இது புரிந்துவிட்டது. 2018-ல் வந்த எம்10-பி மாடலில் பொட்டே கிடையாது. விலை மட்டும் பொட்டு வைத்த எம்10-ஐவிட அதிகம். இல்லாத பொட்டுக்கு எந்த ஊரில் ஐயா காசு வாங்குவார்கள்?

மிரர்லெஸ் வந்தால் பாரம் குறையும் என்று ஆசை காட்டினார்கள். குறைந்தது பாடி. பெரிய லென்ஸ் பெரிய லென்ஸாகவே இருக்கிறது. பழைய எழுபது-இருநூறு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆசாமியிடம் இன்னும் அதுதான். கியோட்டோவில் அதை வெளியே எடுத்தது இரண்டே தடவை. இரண்டாவது தடவை, அடியில் கிடந்த சார்ஜரைத் தேடுவதற்காக.

உள்ளூர்க்காரர்களும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஃபுஜி மலையடிவாரத்தில் ஃபுஜிகவகுசிகோ என்றொரு ஊர். அங்கே ஒரு கடைக்கூரைக்கு மேல் மலை தெரிகிற கோணத்துக்காக நடுரோட்டில் கூட்டம் நின்றது. சொல்லிப் பார்த்தார்கள், போர்டு வைத்தார்கள், கடைசியில் 2024 மே மாதம் 20 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையையே மறைத்தார்கள். சில நாளிலேயே வலையில் ஓட்டைகள் விழுந்தன. எந்தப் பட்டைக்காரர் போட்ட ஓட்டை என்று தெரியவில்லை. ஆசாமிக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எந்தக் காமிரா என்று கேட்டீர்கள் அல்லவா? 1969 முதல் 1972 வரை நிலவில் இறங்கியவர்கள் ஹாசல்பிளாட் கொண்டுபோனார்கள். கழுத்துப் பட்டை கிடையாது, நெஞ்சில் மாட்டிக்கொள்வதுதான். திரும்பும்போது அவர்களுக்கும் எடைத் தகராறு வந்தது. நிலவுக் கல்லை ஏற்ற வேண்டும். ஃபிலிம் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, 12 காமிராக்களை லென்ஸோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள். பன்னிரண்டும் இன்றும் அங்கேதான் கிடக்கின்றன.