பிளேடு ஏன் வலப்பக்கம் இழுக்கிறது?

தையல் இயந்திரத்தில் ஊசி ஏறி இறங்கும், கை துணியைத் திருப்பும். ஸ்க்ரோல் சா என்ற மின்சார ரம்பமும் அதே சங்கதிதான். ஊசியின் இடத்தில் 5 அங்குல பிளேடு, துணியின் இடத்தில் மரம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூவும் பறவையும் பெயர்ப்பலகையும் அறுத்தெடுக்கலாம். அதனால்தான் பணி ஓய்வு பெற்றவர் முதல் கல்லூரி மாணவர் வரை இதன்மேல் ஆசை வைக்கிறார்கள். வாங்கிய முதல் மாதத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள் வருகின்றன.

கேள்வி: அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். ஆனால் பிளேடு கோட்டை விட்டு வலப்பக்கமாகவே ஓடுகிறது. கோளாறு கையிலா, இயந்திரத்திலா?

இரண்டிலும் இல்லை, பிளேடில் இருக்கிறது. ஸ்க்ரோல் சா பிளேடுகளில் பல, தகட்டில் பற்களை வெட்டி எடுத்துச் செய்யப்படுபவை. அப்படி வெட்டும்போது ஒரு பக்க விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு தங்கிவிடும். பிசிறு உள்ள பக்கம் கூடுதலாகக் கடிக்கும். அந்தப் பக்கமாகவே அறுவை சாயும். பெரும்பாலும் அது வலப்பக்கம்.

வண்டியில் பூட்டிய மாடு ஒரு பக்கமாக இழுத்தால் வண்டிக்காரர் இறங்கி மாட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. கயிற்றைக் கொஞ்சம் மாற்றிப் பிடிக்கிறார். இங்கும் அதே வைத்தியம்தான். ஒரு வீண் பலகையில் நேர்கோடு வரைந்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பலகையை எந்தச் சாய்வில் பிடித்தால் பிளேடு கோட்டிலேயே போகிறதோ, அதுதான் அந்த பிளேடுக்கு உரிய கோணம். வழக்கமாக மூன்று முதல் ஐந்து பாகைக்குள் இருக்கும். அந்தச் சாய்வில் இயந்திர மேசைமேல் ஒரு மாஸ்கிங் டேப் துண்டை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நாற்காலியையும் அதற்கேற்பச் சற்றே திருப்பிப் போட்டால் கழுத்து வலிக்காது. பற்களைச் சாணை பிடித்துக் கூராக்கிய விலை கூடிய பிளேடுகளில் இந்த இழுப்பு குறைவு.

கேள்வி: ஒரே நாளில் நான்கு பிளேடுகள் உடைந்துவிட்டன. மட்டமான சரக்கை வாங்கிவிட்டேனோ?

சரக்கைக் குறை சொல்லும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, இழுவிசை. பிளேடை மாட்டி இறுக்கிய பின், இயந்திரத்தை நிறுத்தி வைத்தபடியே விரலால் சுண்டுங்கள். வீணைத் தந்திபோலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். தொளதொளவென்று சத்தம் வந்தால் இறுக்கம் போதாது. பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் சுமார் 3 மி.மீ. வரை வளையலாம். அதற்கு மேல் வளைந்தால் அறுக்கும்போது பிளேடு நெளியும், நெளிந்த பிளேடு உடையும்.

இரண்டாவது, பிடிமானம். புதிய பிளேடுகள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியே வருகின்றன. அந்த எண்ணெயோடு மாட்டினால் பிடியிலிருந்து நழுவும். இரு முனைகளையும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நழுவுவது அதோடு நின்றுவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் தள்ளுகிறீர்கள். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் தள்ளுகிறார்கள். இந்த இயந்திரம் நிமிடத்துக்கு 400 முதல் 1,800 முறை வரை பிளேடை ஏற்றி இறக்கும். அறுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். கைக்கு உள்ள வேலை வழிகாட்டுவது மட்டும். பிளேடு பின்பக்கமாக வளைவது கண்ணுக்குத் தெரிந்தாலே அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

நேற்றுவரை போதுமாக இருந்த அழுத்தம் இன்று போதவில்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. கழற்றி எறியுங்கள். டஜன் கணக்கில் விற்கும் பொருள் இது. கடின மரத்தில் அரை மணி நேரத்திலேயே முனை போய்விடலாம். நம் தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது, அது மணல்போலப் பற்களைத் தின்னும். பிளைவுட்டில் உள்ள பசையும் அப்படியே. காசை மிச்சப்படுத்த ஓர் அருமையான வழி உண்டு. பிளேடு ஏறி இறங்கும் தூரம் முக்கால் அங்குலம்தான் என்பதால், மெல்லிய பலகையை அறுக்கும்போது கீழ்ப்பகுதிப் பற்கள் மட்டுமே தேய்கின்றன. மேசைமேல் அரை அங்குல பிளைவுட் ஒன்றைப் போட்டு, அதன்மேல் வைத்து அறுத்தால், அதுவரை வேலையே செய்யாத மேற்பகுதிப் பற்கள் வேலைக்கு வரும். ஒரு பிளேடு கிட்டத்தட்ட இரண்டு பிளேடு ஆகும்.

கேள்வி: கடையில் 2/0, 1, 3, 5, 7, 9, 12 என்று எண்களை அடுக்குகிறார்கள். எதைத்தான் வாங்குவது?

எண் ஏற ஏற பிளேடு தடிக்கும், பல்லும் பெரிதாகும். தொடங்குபவருக்கு 3, 5, 7 மூன்றிலும் ஒவ்வொரு டஜன் போதும். கால் அங்குலப் பலகைக்கு 3, முக்கால் அங்குலத்துக்கு 5, அதைவிடக் கனமான கட்டைக்கு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2/0 முடிபோல மெல்லியது, நுணுக்கமான புதிர்த் துண்டுகளுக்கும் மெல்லிய மரத்தோல் (வெனீர்) வேலைக்கும் உரியது.

எண்ணோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். சில பிளேடுகளில் அடிமுனையில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். மற்ற பற்கள் கீழே வெட்ட, இவை மேலே வரும்போது அடிப்பக்கத்துப் பிசிறை வழித்துவிடும். பிளைவுட் அறுப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். பிளேடு உச்சிக்குப் போகும்போது அந்தத் தலைகீழ்ப் பற்களில் இரண்டு மூன்று மட்டும் மேசைக்கு மேல் தெரியும்படி மாட்ட வேண்டும்.

கேள்வி: ஈட்டி மரத்தை அறுத்தால் விளிம்பு கருகி நாறுகிறது. தண்ணீர் தெளிக்கலாமா?

தெளிக்கவே கூடாது. மரம் ஊதும், பிளேடு துருப்பிடிக்கும், மின்சாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டி ஒட்டும் கண்ணாடி டேப்பை எடுத்து, வரைபடத்தின்மேல் ஒரு சுற்று ஒட்டிவிட்டு அறுங்கள். டேப்பின் வழுவழுப்பு பிளேடுக்கு எண்ணெய் போட்டதுபோல உதவும். அமெரிக்காவில் செர்ரி, மேப்பிள் மரங்களை அறுப்பவர்கள் கருகலுக்குக் கைக்கொள்ளும் வழி இதுதான். அப்படியும் கருகினால் வேகத்தைக் குறைத்து, பல் இடைவெளி கூடிய பிளேடுக்கு மாறுங்கள். தூள் வெளியேற வழி கிடைத்தால் சூடு தங்காது.

கேள்வி: வாசலில் போடும் சிக்குக் கோலத்தை மரத்தில் அறுத்துச் சுவரில் மாட்ட ஆசை. முதல் முயற்சியில் பாதிக் கோலம் உதிர்ந்து தரையில் விழுந்துவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?

இந்த வாரத்தின் மிக நல்ல கேள்வி இது. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

மாவுக் கோலத்தைத் தரை தாங்குகிறது. மரக் கோலத்தைத் தாங்க எதுவுமில்லை, அது தன்னைத்தானே தாங்க வேண்டும். நீங்கள் கோலத்தின் கோட்டிலேயே பிளேடை ஓட்டியிருப்பீர்கள். கோடு காணாமல் போனால், கோடு சுற்றிவந்த ஒவ்வொரு கண்ணும் தனித்தனித் துண்டாகக் கழன்று விழத்தான் செய்யும். மாற்றிச் செய்யுங்கள். கோடு மரமாக நிற்கட்டும், கண்கள் துளைகளாகட்டும். சிக்குக் கோலத்தின் கோடு தன்னையே குறுக்காகக் கடந்து கடந்து போகிறது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு முட்டுக்கொடுத்த இடம். அதனால் முழுக் கோலமும் ஒரே துண்டாக நிற்கும். கோட்டின் அகலம் 3 மி.மீட்டருக்குக் குறையாமல் வரைந்துகொள்ளுங்கள்.

புள்ளிகள்தான் சிக்கல். அவை எந்தக் கோட்டையும் தொடுவதில்லை, ஆகவே உதிரும். புள்ளியில்லாத கோலத்தில் மனம் ஒப்பாது என்றால், பின்னால் வேறு நிறத்தில் ஒரு பலகையை ஒட்டி, அதன்மேல் அந்தந்த இடத்தில் சிறு வட்டங்களைப் பதியுங்கள். வேப்ப மரப் பின்பலகையில் ஈட்டிப் புள்ளி அழகாக இருக்கும்.

தனி மரப் பலகை வேண்டாம், 4 முதல் 6 மி.மீ. பிளைவுட் எடுங்கள். தனி மரத்தில், ரேகைக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய வளைவு விரல் பட்டாலே முறியும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் எந்தப் பக்கமும் வலு உண்டு.

அசல் வரைபடத்தைப் பத்திரப்படுத்திவிட்டு நகலை ஒட்டுங்கள். பலகைமேல் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் பசைக்குச்சி தடவிய காகிதம். வேலை முடிந்ததும் டேப்பை உரித்தால் காகிதமும் சேர்ந்து வந்துவிடும், மரத்தில் பசைக்கறை இருக்காது. ஒவ்வொரு கண்ணிலும் பிளேடு நுழையும் அளவுக்கு 1.5 மி.மீ. துளை போடுங்கள். துளையிட்ட பின் பலகையின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் ஒருமுறை தேய்க்காவிட்டால், துளையோரப் பிசிறு மேசையில் தட்டி, பலகை திக்கித் திக்கி நகரும். இரு முனையிலும் குறுக்கு ஊசி வைத்த பிளேடுகள் இந்த வேலைக்கு ஆகாது. அந்த ஊசி நுழைய வேண்டுமென்றால் துளை பெரிதாகி, சின்னக் கண் மொத்தமும் போய்விடும்.

நடுவிலுள்ள சிறிய கண்களை முதலில் அறுங்கள், பெரியவற்றைப் பிறகு. வெளிவிளிம்பு கடைசியில். பலகைக்கு உடம்பு இருக்கும்போதே நுணுக்கத்தை முடித்துவிட வேண்டும்.

கேள்வி: கொலுவுக்கு வருகிறவர்களுக்கு ஒரே மாதிரி எட்டு மயில்கள் பரிசளிக்க வேண்டும். எட்டு முறை அறுக்க வேண்டுமா?

நான்கு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைச் சூட்டுப் பசையாலோ டேப்பாலோ இறுக்கிவிட்டால் இரண்டு முறை போதும். பலகைகள் 3 மி.மீ. கனத்தில் இருந்தால் அடுக்கு அரை அங்குலத்துக்குள் அடங்கும்.

இந்த உத்திக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் வயது. பிரான்சில் 14ஆம் லூயி மன்னருக்கு மேசை, அலமாரி செய்த ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் சேர்த்து அடுக்கி, மெல்லிய ரம்பத்தால் ஒரே வரைபடத்தை அறுப்பார். ஆமையோட்டில் பித்தளைப் பூ ஒன்று, பித்தளையில் ஆமையோட்டுப் பூ இன்னொன்று. ஒரு துணுக்கும் வீணாகாது. நீங்களும் வெவ்வேறு நிறமுள்ள இரண்டு மரங்களை அடுக்கிப் பாருங்கள். மயில் ஒன்றிலும் தோகை இன்னொன்றிலுமாக மாற்றி மாற்றிப் பொருத்தலாம்.

கேள்வி: பேத்திக்காகப் புதிர்ப் பலகை செய்தேன். துண்டுகள் மேல்பக்கமாகக் கழல்கின்றன, கீழ்ப்பக்கமாகத் தள்ளினால் மாட்டிக்கொள்கின்றன. ஏன்?

மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. அரைப் பாகை சாய்ந்தாலும் ஒவ்வொரு துண்டும் ஆப்பு வடிவம் பெற்றுவிடும். இயந்திரத்தோடு வரும் கோணக் குறியை நம்பாதீர்கள். ஒன்றரை அங்குலக் கனக் கட்டையில் பிளேடை ஒரு கீறல் ஆழத்துக்கு மட்டும் ஓட்டி வெளியே எடுங்கள். கட்டையை அப்படியே பிளேடுக்குப் பின்பக்கம் கொண்டுபோய், அதே கீறலைப் பிளேடின் முதுகோடு பொருத்துங்கள். தடையில்லாமல் உட்கார்ந்தால் மேசை மட்டமாக இருக்கிறது. உட்காராவிட்டால் மேசைத் திருகைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டியதுதான். மூலைமட்டம்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

இதே குறையை வேண்டுமென்றே வரவழைப்பவர்களும் உண்டு. மரத்தில் மரம் பதிக்கும் வேலையில் மேசையைச் சில பாகை சாய்த்து இரண்டு மரங்களைச் சேர்த்து அறுத்தால், உள்துண்டு ஆப்புபோல இறங்கி, பிளேடு தின்ற இடைவெளியை மறைத்துவிடும். ஈட்டிப் பலகையில் பல நிற மரத்துண்டுகளைப் பதிக்கும் மைசூரு வேலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கலையில் இணைப்புக் கோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

பேத்திக்கு ஒரு கதையும் சொல்லலாம். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர் உலகப் படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பூகோளம் படிக்கும் பிள்ளைகளுக்கு விற்றார். புதிர்ப் பலகைகளின் தொடக்கம் அது என்பார்கள். 1909இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மரப் புதிர்களில் முழுமூச்சாக இறங்கியபோது, அறுக்கும் வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலால் மிதிக்கும் அன்றைய ரம்பம் தையல் இயந்திரம்போலவே இருந்தது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் தானும் அறுக்க வேண்டும் என்கிறான். விடலாமா?

பக்கத்தில் நீங்கள் இருந்தால், விடலாம். மின்சார ரம்பங்களிலேயே ஆபத்து குறைந்தது இது. பலகையைத் தூக்கியெறியும் வேகம் இதற்கில்லை. ஆனாலும் சில கண்டிப்புகள் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. தொங்கும் கைச்சங்கிலி, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி எதுவும் மேசையருகே வரக் கூடாது. பிளேடு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கி வையுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. விரல் ஒருபோதும் பிளேடுக்கு நேர் முன்னால் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருந்தே பலகையைத் திருப்ப வேண்டும்.

விரலைவிடப் பெரிய கவலை நுரையீரல். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. ஈட்டித் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும். எம்.டி.எஃப். பலகையில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைடு பசையும் சேர்ந்து பறக்கும். இயந்திரத்திலுள்ள ஊதுகுழல் கோட்டைத் தெளிவாகக் காட்டத்தான் இருக்கிறது, அது தூளை அகற்றாது, காற்றில் பறக்கத்தான் விடும். சன்னலைத் திறந்து, தூசி உறிஞ்சியின் குழாயை மேசைக்கு அடியில் வையுங்கள். அடுத்த டஜன் பிளேடு வாங்கும்போது, அதே கடையில் உங்களுக்கொன்றும் மகனுக்கொன்றுமாக என்95 முகக்கவசம் இரண்டு வாங்கி வந்துவிடுங்கள்.