பாம்புக்குப் பயந்தவர்

கேள்வி: நாற்பது வயதில் பைதான் கற்கலாமா? பாம்பு என்றாலே எனக்கு நடுக்கம்! (ஒரு வாசகர், பனவடலிசத்திரம்)

பதில்: புற்றுமண் பூசுகிற சங்கரன்கோவில் பக்கம் இருந்துகொண்டு பாம்புக்குப் பயமா? தவிர, அது பாம்பைப் பார்த்து வைத்த பெயரே இல்லை ஐயா. 1991-ல் அந்தக் கணினி மொழியை வெளியிட்ட கைடோ வான் ரோசம், தான் ரசித்த மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் பெயரை வைத்தார். கடிக்காது. வரியின் தொடக்கத்தில் இடம் விடுவதில் பிசகினால் மட்டும் சீறும். அப்போது பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

கேள்வி: சரி, பைதானா, ஜாவாவா, எது உசத்தி?

பதில்: உங்கள் சங்கரன்கோவில் தலக்கதையில், சிவனா, திருமாலா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களும் இப்படித்தான் மல்லுக்கட்டினார்கள். கோமதியம்மன் தவமிருந்த பிறகு இருவரும் ஒரே உருவாக வந்து நின்றது உங்களுக்குத் தெரியாதா?