மிச்சத்திலிருந்து கற்கால வட்டம்வரை: கட்டுச்சோற்றுப் பயணவியல் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தென்மேற்கு லண்டனில் மிச்சம் என்றோர் ஊர் உண்டு. அங்கே வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் கோடை வந்ததும் சொந்தக் காரில் இங்கிலாந்தின் நாட்டுப்புறம் பார்க்கக் கிளம்புகின்றன. பழைய கல், பழைய தேவாலயம், பழைய வீடு ஆகியவற்றைப் பார்ப்பதே நோக்கம் என்று சொல்லிக்கொள்கின்றன. அது வெறும் சாக்கு என்பதை இக்கட்டுரை நிறுவும். உண்மையான நோக்கம் கடைசிப் பகுதியில் தெரியவரும். ஆய்வாளருக்கும் அது அங்கேதான் தெரியவந்தது.

1. களம்

சிக்கல் ஊர்ப்பெயரிலேயே தொடங்குகிறது. பழைய ஆங்கிலத்தில் 'பெரிய குடியிருப்பு' என்ற பொருளில் வந்த பெயர் இது என்பர் இடப்பெயர் அறிஞர். தமிழில் மிச்சம் என்றால் எஞ்சியது. இரண்டு பொருளில் எதை நம்பித் தமிழர் இங்கே குடியேறினர் என்பது தனி ஆய்வுக்கு உரியது. பக்கத்து ரூட்டிங்கில் வீடு அகப்படாதவர்கள் வந்தார்கள் என்பது மாற்றுக் கருத்து.

ஒருகாலத்தில் லவண்டர் வயல்களுக்குப் பேர்போன ஊர். 1685 முதல் கிரிக்கெட் ஆடப்படுவதாகச் சொல்லும் புல்வெளியும் உண்டு. நமக்கு வேண்டியது மூன்றாவது பெருமை. 1803இல் வாண்ட்ஸ்வர்த்திலிருந்து மிச்சம் வழியாகக் குரொய்டன்வரை 'சர்ரே அயர்ன் ரயில்வே' திறக்கப்பட்டது. நீராவி எஞ்சின் கிடையாது, குதிரைதான். கம்பனி தண்டவாளத்தைப் போட்டதே தவிர வண்டி ஓட்டவில்லை. எவரும் தம் வண்டியையும் குதிரையையும் கொண்டுவந்து, சுங்கம் கட்டி, தாமே ஓட்டிப் போகலாம். 1846இல் அது மூடப்பட்டது. அந்தத் தடத்தின் ஒரு பகுதியில் இன்று டிராம் ஓடுகிறது. ஆக, சொந்தமாக ஓட்டிப் போகும் கலையில் மிச்சத்துக்கு இருநூறு ஆண்டு மரபு இருக்கிறது. அந்தப் பாதையில் போனவர்கள் ஏற்றியது ஆட்களை அல்ல, சரக்கை என்று மறுப்போர் உண்டு. அவர்கள் எங்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் முதல் நூல்கள் ஆற்றுப்படைகள். பத்துப்பாட்டில் அவை ஐந்து. வழி சொல்வதே அவற்றின் வேலை. கைபேசியில் பேசும் வழிகாட்டிக்கும் அவற்றுக்கும் ஒரே வேறுபாடுதான். ஆற்றுப்படை எந்த ஊரில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று சொல்லும். கைபேசி எந்த வளைவில் வேகக் காமரா நிற்கிறது என்று சொல்லும். மலைபடுகடாம் 583 அடிகளில் வழியின் இடர்களையும் விருந்துகளையும் விரித்துரைக்கிறது. எம் 3 மோட்டர்வேயில் இடர்கள் உண்டு, விருந்து இல்லை. கட்டுச்சோற்றின் தோற்றத்துக்கு இதைவிடக் காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த சான்று முல்லைத் திணை. வினை முடித்து வீடு திரும்பும் தலைவன், தேரை இன்னும் விரைந்து செலுத்து என்று பாகனை நெருக்குவான். பக்கத்தில் இருந்தபடியே வண்டி ஓட்டுவதற்கு உலகில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. சொந்தமாக ஓட்டும் பயணத்தில் தலைவனே பாகனாகிவிடுகிறான். தலைவன் பதவி காலியாகிறது. அதை மனைவி, பெரியம்மா, பின்சீற்றுப் பிள்ளைகள் எனப் பலர் ஒரே நேரத்தில் நிரப்புகிறார்கள்.

பாரி முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்ததும் இங்கே கவனிக்கத்தக்கது. வண்டியைக் காட்டில் விட்டுவிட்டு அவன் எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்பதைப் பற்றிப் புலவர்கள் கவலைப்படவில்லை. குடும்பத்தோடு போயிருந்தால் அந்தக் கொடை நிகழ்ந்திராது என்பது எம் துணிபு.

3. வெளிக்கிடுதல் கோட்பாடு

தமிழ்நாட்டார் கிளம்புவர், புறப்படுவர். யாழ்ப்பாணத்தார் வெளிக்கிடுவர். இந்தச் சொல்லுக்கு இரு பொருள். ஒன்று, உடுத்துத் தயாராதல். மற்றது, படியிறங்கிப் போதல். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரமும் கழியலாம். அதற்கு இலக்கணம் எல்லை விதிக்கவில்லை.

எங்கள் குடும்பப் பயணமே இதற்குச் சான்று. ஸ்டோன்ஹென்ஜ் கல்வட்டம் பார்க்கச் சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடுவது என்று பெரியப்பா வெள்ளி இரவே அறிவித்திருந்தார். ஆறு மணிக்கு எல்லோரும் வெளிக்கிடத் தொடங்கினார்கள். எட்டு மணிக்கு நடந்த உரையாடல் பதிவாகியுள்ளது:

"எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?"

"ஓம், வெளிக்கிட்டிட்டம். இந்தா, இப்ப வெளிக்கிடுறம்."

தருக்க நூலோர் இதை முரண் என்பர். யாழ்ப்பாணத்தில் இது தகவல். கார் நகர்ந்தது ஒன்பது பத்துக்கு. சக்கரங்களுக்கு அடியில் நான்கு தேசிக்காய்கள் நசிந்தன. ஐந்தாவது, பின்சீற்றில் மூத்தவளுக்குச் சத்தி வராமல் இருக்க மூக்கடியில் பிடிக்கக் கொடுக்கப்பட்டது. ஏ 3 ஏறுமுன் ஒருதரம் திரும்பி வந்தோம், சம்பல் மேசையிலேயே இருந்துவிட்டது. இந்தத் திரும்பி வருதலும் வெளிக்கிடுதலின் ஒரு கட்டமே. அது நிகழாத பயணத்தை நாம் கண்டதில்லை.

4. சரக்கு

இரண்டு கார், ஒன்பது பேர். ஏற்றப்பட்டவை: இடியப்பம், கட்டைச் சம்பல், கோழிக் கறி, கட்லட் ஐம்பது, மீன் ரோல்ஸ் முப்பது, சீனிச் சம்பல் பூசிய பாண், அவித்த முட்டை, கச்சான், தேத்தண்ணிப் பிளாஸ்க் இரண்டு, மடக்குக் கதிரை ஆறு, குடை நான்கு. போகும் இடங்களில் எல்லாம் கடை இருக்கிறது என்று மச்சான் நினைவூட்டினார். "கடை இருக்கும், சாப்பாடு இருக்குமோ?" என்று பெரியம்மா கேட்டார். மச்சான் அத்தோடு விவாதத்திலிருந்து விலகிக்கொண்டார்.

இவற்றோடு ஒரு பை. பெரியப்பாவின் கறுப்புத் தோற்பை, சிப் வைத்தது. மடியில் அல்லது காலடியில் மட்டுமே அது இருக்கும். பின்னால் வைக்கக் கேட்டதற்கு, "அது இஞ்ச கிடக்கட்டும், தம்பி" என்றார். உணவு வாசம் வரவில்லை. இதை 'விளங்காத மாறி' என்று குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

தூரம் இத்தகைய பயணங்களில் மைலால் அளக்கப்படுவதில்லை. மிச்சத்திலிருந்து ஸ்டோன்ஹென்ஜ் எண்பது மைல் என்பது வீதிப் படத்தின் கணக்கு. பின்சீற்றின் கணக்கில் அது ஆளுக்கு மூன்று கட்லட்.

5. முறிகண்டி விதி

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ 9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார். போகிற வாகனமும் நிற்கும், வருகிற வாகனமும் நிற்கும். தேங்காய் உடையும், கச்சான் வாங்குவார்கள், பிறகுதான் பயணம். நிற்காமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஆய்வுமுறைப்படி சொல்ல முடியாது. நிற்காமல் போய்ப் பார்த்தவர் எவரும் எமக்கு அகப்படவில்லை.

பிரித்தானிய வீதிச் சட்டக் கையேடு இரண்டு மணி நேரம் ஓட்டினால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓய்வெடுக்கச் சொல்கிறது. நாங்கள் ஒரு மணி நேரங்கூட ஓட்டவில்லை, எம் 3இல் ஃபிளீட் தரிப்பிடத்தில் நின்றோம். எவரும் களைக்கவில்லை. எவருக்கும் பசிக்கவில்லை. ஆனாலும் இரண்டு காரும் சொல்லிவைத்தாற்போல் இடப்பக்கம் திரும்பின. தேங்காய்க்குப் பதில் அவித்த முட்டை உடைக்கப்பட்டது. கச்சான் கச்சானாகவே இருந்தது. கையேட்டின் பதினைந்து நிமிடம் ஒரு மணி நாற்பது நிமிடமாக விரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் காசு கேட்பார்கள் என்ற அறிவித்தல் பலகையே எங்களை எழுப்பியது.

6. கதிரைக் கோட்பாடு

ஏ 303 வீதியில் போகிறவர்களுக்கு ஸ்டோன்ஹென்ஜ் காரில் இருந்தபடியே தெரியும். எல்லோரும் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதால் அங்கே வாகனங்கள் ஊர்கின்றன. வீதியைச் சுரங்கத்துக்குள் இறக்கும் திட்டம் 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. "உதுதானே அது? பாத்தாச்சு. இனி ஏன் காசு குடுத்து உள்ள போவான்?" என்றார் பெரியம்மா. இலவசக் காட்சிக்கும் கட்டணக் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை எவராலும் அவருக்கு விளக்க முடியவில்லை. ஆனாலும் போனோம்.

1915இல் இந்தக் கற்களும் நிலமும் சோல்ஸ்பரியில் ஏலத்துக்கு வந்தன. செசில் சப் என்பவர் 6,600 பவுணுக்கு வாங்கினார். மனைவி அனுப்பியது கதிரை வாங்க, அவர் கல் வாங்கி வந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1918இல் அவர் அதை நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். கதிரைக்குப் போய்க் கல்லோடு வந்தவர் அவர். கல்லுக்குப் போய்க் கதிரை விரித்தவர்கள் நாங்கள். கார் தரிப்பிடப் புல்லில் ஆறு கதிரையும் வட்டமாக வைக்கப்பட்டன. நடுவில் சாப்பாடு. கற்களை ஏன் வட்டமாக நட்டார்கள் என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். அவர்கள் எங்களைக் கேட்டிருக்கலாம்.

வருகையாளர் மையத்திலிருந்து கல்லடிக்கு ஒன்றரை மைல், பஸ் விடுகிறார்கள். கல்லின் முன்னால் பெரியப்பா நெடுநேரம் நின்றார்.

"திருப்பணி பாதியில நிண்டிட்டுது போல" என்றார். "தர்மகர்த்தாமாருக்குள்ள ஏதோ பிரச்சினை."

இதை நகைத்துத் தள்ள முடியாது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை. பெரிய கற்கள் சராசரி 25 டன். சிறிய நீலக் கற்கள் மேற்கு வேல்ஸின் மலையிலிருந்து வந்தவை. நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என 2024இல் கண்டறிந்தார்கள். வெளியூர்க் கிளைகள் கல் அனுப்பியிருக்கின்றன, உள்ளூர்ச் சபை கட்டி முடிக்கவில்லை. கோயில் நிருவாகம் அறிந்த எவருக்கும் இந்த நிலைமை புதிதன்று.

7. மாதிரி விதியும் குச்சொழுங்கையும்

ஈழத் தமிழர் எதையும் அதுவாகப் பார்ப்பதில்லை, எதையோ போல என்று பார்ப்பர். பச்சை மலை நுவரெலியா மாதிரி, கடல் கீரிமலை மாதிரி. இந்த விதிக்கு நல்ல ஆய்வுகூடம் கொட்ஸ்வோல்ட்ஸ். ஞாயிறு காலை அங்குள்ள பைபரி கிராமத்துக்குப் போனோம். ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசையை 1380 அளவில் ஆட்டு மயிர்க் களஞ்சியமாகக் கட்டி, பின்னர் நெசவாளர் வீடுகளாக மாற்றினார்கள். "நெசவாளர் வீடெண்டால் கைதடியிலயும் இருக்கு" என்று பெரியம்மா ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஆய்வு மதிப்புள்ளது அங்கே போகும் வழிதான். இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கிய கல் மதில், நடுவில் ஒரு கார் மட்டும் போகும் ஒழுங்கை. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். லண்டனில் ஓட்டப் பழகியவர்கள் இங்கே நடுங்குவர். யாழ்ப்பாணக் குச்சொழுங்கையில் கிடுகு வேலிக்கும் எதிரே வரும் சைக்கிளுக்கும் நடுவே வளர்ந்த எமக்கு இது தாய்வீடு. பின்னால் எடுத்து இடம் விட்டதும் எதிர்க்காரர் ஒரு விரலை உயர்த்தினார். நாம் தலையை ஆட்டினோம். யாழ்ப்பாணத்தில் தலையாட்டலுக்கு அடுத்து "எங்க போறியள்?" என்ற கேள்வி வரும். இங்கே வரவில்லை. மற்றப்படி நாகரிகம் ஒன்றுதான்.

8. விளங்காத மாறி

முதல்நாள் பின்னேரம் சோல்ஸ்பரி தேவாலயத்துக்குப் போயிருந்தோம். 123 மீட்டர் கோபுரம், நாட்டின் தேவாலயக் கோபுரங்களிலேயே உயரமானது. அங்கே 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவின் எஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இருக்கிறது. எழுத்து லத்தீன். கைபேசியில் தேடிப் பெரியப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். 42ஆவது பிரிவு, போர்க்காலம் தவிர, எவரும் நாட்டைவிட்டுப் போகவும் அச்சமின்றித் திரும்பி வரவும் உரிமை தருகிறது. அடுத்த ஆண்டு மறுபடி வெளியிட்டபோது அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

"ஒரு வருசந்தானோ?" என்று கேட்டார். "எங்கட ஏ 9 நாலு வருசம் திறந்து கிடந்தது."

2002இல் திறந்த வீதியை 2006இல் மூடினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பை திறந்து, ஏறி, மீண்டும் முகமாலையில் இறங்கி, பை திறந்து, ஏறியவர்.

ஞாயிறு மாலை எம் 4 வழியாகத் திரும்புகையில் நீல வெளிச்சம் சுழல ஒரு பொலிஸ் கார் பின்னால் வந்தது. பெரியப்பா காலடியிலிருந்த பையை மடியில் எடுத்து வைத்துச் சிப்பைத் திறந்தார். ஒன்பது பேரின் கடவுச்சீட்டுகள், என் ஓட்டுநர் உரிமம், இரண்டு காரின் காப்புறுதி, வீட்டு வரிக் கடிதம், அவருடைய பழைய இலங்கை அடையாள அட்டை, எல்லாம் பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காக. பொலிஸ் கார் எங்களைக் கடந்து போய்விட்டது. அவர் சிப்பை மூடினார். ரெடிங் கழிந்த பிறகு சொன்னார்:

"இவ்வளவு தூரம் வந்திட்டம். ஒருத்தனும் மறிக்கேல்ல, என்ன தம்பி?"

9. முடிவுகள்

ஓடிய தூரம், ஏறத்தாழ 240 மைல். நாமாக நின்ற இடங்கள், ஒன்பது. பிறர் மறித்த இடங்கள், எதுவுமில்லை. மிச்சம், கட்லட் பதினொன்று. பை கதவடியில் அதன் வழக்கமான இடத்தில் வைக்கப்பட்டது. அடுத்த சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடுவது என்று பெரியப்பா அறிவித்துள்ளார். எங்கே என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.