எதை எடுத்தாலும் அஞ்சு சென்ட்

ஃபிராங்க் வுல்வொர்த்துக்குப் பேரம் என்றாலே ஆகாது. சரக்கை மேசைமேல் பரப்பு, விலையை எழுதி வை, பேசாமல் நில். அவர் கண்ட வியாபாரம் அவ்வளவுதான். எதை எடுத்தாலும் அஞ்சு சென்ட். அப்புறம் மனசு மாறிப் பத்து சென்ட் வரை ஏறினார். 1879இல் யூட்டிகாவில் போட்ட கடை சில மாதத்திலேயே படுத்துவிட்டது. ஆள் அசரவில்லை. அதே வருஷம் லங்காஸ்டரில் இன்னொன்று போட்டார், பிய்த்துக்கொண்டு போனது.

அந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்து நியூயார்க் பிராட்வேயில் 792 அடிக் கட்டடமாக எழுந்து நின்றது. செலவு 1.35 கோடி டாலர், அத்தனையும் ரொக்கம். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம். 1913 ஏப்ரல் 24 அன்று, திறப்பு விழாவுக்கு ஸ்விட்ச் போடும் வேலை ஜனாதிபதி வில்சனுக்கு. அவர் வாஷிங்டனில் இருந்தபடியே பொத்தானை அமுக்க, இங்கே 80,000 பல்பு எரிந்தது. உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பெருமை 1930 வரை கையை விட்டுப் போகவில்லை.

மாதா கோயில் பாணிக் கூர்கோபுரங்களைப் பார்த்த ஒரு பாதிரியார், இது வணிகத்தின் பேராலயம் என்று புகழ்ந்துவிட்டார். மூலவர் யார் என்று கேட்டால், நுழைகூடத்தில் அண்ணாந்து பாருங்கள்: மீசைக்கார வுல்வொர்த் குந்தி உட்கார்ந்து காசு எண்ணுகிறார். இன்னொரு மூலையில் கட்டடக்கலைஞர் காஸ் கில்பர்ட், கட்டடத்தின் மாதிரியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டிருக்கிறார். அஞ்சு சென்ட்காரரின் சொந்த அறை மட்டும் நெப்போலியன் அரண்மனை பாணி. இந்தச் சில்லறைச் சக்கரவர்த்திக்குப் பல் டாக்டர் என்றால் பயம். பல்லைக் கவனிக்காமல் விட்டு, அந்தச் சீழாலேயே 1919இல் போய்ச் சேர்ந்தார்.

கம்பெனி 1998இல் கட்டடத்தை விற்றது. 2012இல் உச்சியிலிருந்த முப்பது மாடிகளை மட்டும் 6.8 கோடி டாலருக்கு வாங்கியவர்கள், குமாஸ்தாக்கள் பேனா பிடித்த இடத்தையெல்லாம் அடுக்ககமாக்கினார்கள். அடித்தளத்தில் கிடந்த பழைய நீச்சல் குளத்தையும் தூசி தட்டிக் குடியிருப்போருக்குத் திறந்தார்கள்.

கோபுரத் தலையில் ஐந்து மாடி வீடு ஒன்று. எழுதி வைத்த விலை 11 கோடி டாலர். நிறுவனரின் கொள்கைப்படி அத்துடன் பேசாமல் நின்றிருக்க வேண்டும். வாங்க ஆளில்லை. 7.9 என்றார்கள், பிறகு 5.9 என்றார்கள். 2023இல் 3 கோடிக்குப் படிந்தது. உள்ளலங்காரம் தனி, அதை வாங்கினவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.