கொறங்காட்டுச் சிற்றுரு இலக்கணம்

டயோராமா என்னும் சிற்றுருக் காட்சியைக் கட்டுவோருக்கென்று உலகச் சந்தையில் விற்கப்படும் மரங்களில் ‘வெப்பமண்டல மரங்கள்’ என்றொரு பொட்டலம் உண்டு. பிரித்தால் தென்னை வரும். பிளாஸ்டிக் தண்டு ஒரு பக்கமாக வளைந்து, அருகில் எங்கோ கடல் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு நிற்கும். வெள்ளகோவில் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, கடகரேகையோ 23.5-இல் ஓடுகிறது. ஆகவே ஊர் வெப்பமண்டலத்துக்குள் அடங்குகிறது என்பதில் புவியியலாருக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தை எத்தனை வாங்கினாலும் வெள்ளகோவிலைக் கட்ட முடியாது. இவ்வூரில் தென்னை நிற்பது கடற்கரையில் அல்ல, கொப்பரைக் களத்துக்குப் பக்கத்தில். இந்த இடைவெளியை நிரப்பவே இச்சிறு நூல்.

துறையின் வரலாறு சுருக்கமானது. 1822-இல் பாரிஸில் லூயி தாகேர் வரைந்த திரைகளின் மேல் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, காசு வாங்கிக்கொண்டு காட்டியதே டயோராமா என்பர். தமிழர் அதற்கும் முந்தியவர் என்று நிறுவுவது எளிது. ஒரு நிலத்தைக் காட்ட அதற்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் வேண்டும் என்று தொல்காப்பியம் கருப்பொருளில் உதிரிபாகப் பட்டியலே தந்திருக்கிறது. குறை ஒன்றுதான்: அளவுகோல் தரவில்லை. கபிலரும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். எந்தச் செடி எத்தனை அடி என்று சொல்லாமல் விட்டார். வெள்ளகோவிலின் திணை எது என்று கேட்டால், மாடு மேய்வதால் முல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் சிலப்பதிகாரம் சொன்ன வழியில் பாலை. கட்டுநர் இரண்டுக்கும் ஒரே வண்ண டப்பாவை வாங்கலாம்.

நம் வீடுகளில் இந்தக் கலையை வளர்த்தது நவராத்திரிக் கொலு. படிக்குக் கீழே மண் பரப்பி, கடுகோ கேழ்வரகோ தூவி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி ‘பார்க்’ போடுவார்கள். ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்த கடுகுச் செடி, 1:87 அளவில் 4.35 மீட்டர் மரம். மனிதர்கள் அப்படியே இருக்க, மரங்கள் மட்டும் ஒன்பது நாளில் காடாகும் சிற்றுரு வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பத்தாம் நாள் செட்டியார் பொம்மையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

1:87 என்பது மாதிரி ரயில்காரர்களின் அளவு. வெள்ளகோவிலுக்கு ரயில் கிடையாது என்பதை இங்கே மறுப்பாக எழுப்புவார்கள். தண்டவாளம் வாங்கும் செலவு மிச்சம் என்பதே விடை. கோவை–கரூர் சாலையில் ஒரு பஸ்ஸை நிறுத்தினால் போதும்.

இனி மரங்கள். முழுதாக வளர்ந்த பனை 25 மீட்டர் என்று கொண்டால் சிற்றுருவில் 29 சென்டிமீட்டர். பக்கத்து ஓட்டு வீடு ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. காங்கேயம் காளை ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். பார்ப்பவர் நம்பமாட்டார். அதனால் மாதிரி உலகில் மரங்களைக் குட்டையாகவே செய்வது வழக்கம். இது பனைக்கு இழுக்கு. பள்ளிப் பிள்ளையின் புதுப் பென்சில், கனத்தில் 61 சென்டிமீட்டரும் உயரத்தில் 15 மீட்டரும் உள்ள பனந்தண்டுக்குச் சரியாக இருக்கும். நடுத்தர வயதுப் பனைக்கு அதுவே போதும். சட்டிக்கரி பூசினால் நிறமும் வந்துவிடும்.

ஓலைக்குத்தான் சிக்கல். இங்கே ஒரு விதி: எந்த மரத்தின் இலையும் அதே மரத்தின் சிற்றுருவுக்கு உதவாது. ஒன்றரை சென்டிமீட்டர் முருங்கைச் சிற்றிலை 87 மடங்கில் 1.3 மீட்டர், விளிம்பைக் கத்தரித்தால் பனையோலையாகிவிடும். வெள்வேலத்தின் அரை சென்டிமீட்டர் சிற்றிலை தேக்கிலையாகும். ஆனால் தேக்கு இங்கே காட்சியில் இல்லாததால் அந்தத் திறமை வீணாகிறது. முருங்கைக்குப் பேர்போன ஊரில், சந்தைக்கு வரும் முருங்கைக்காயைக் காட்டுவதுதான் கடினம். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள காய் கால் மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். விவசாயி விலை சொல்லும்போது அது இன்னும் மெலியும்.

கொறங்காட்டுக்கு வருவோம். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. இவ்வளவுதான் மேய்ச்சல் நிலம். மலைக்காட்டு டயோராமாவில் பிழைகளைக் கொடிகள் மூடிக்கொள்ளும். கொறங்காட்டில் ஒரு மரம் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும். எனவே இதையே உயர்நிலைத் தேர்வாக வைக்கலாம். வெள்வேலத்தின் கொப்புகளுக்கு எரிந்துபோன மோட்டார் காயில் கம்பியை முறுக்க வேண்டும். இந்த மூலப்பொருள் ஒவ்வொரு கோடையிலும் மின்னழுத்தத்தின் அருளால் புதிதாகக் கிடைக்கிறது. குடை விரித்த தழைக்கு விசைத்தறிக் கழிவுப் பஞ்சு. கிளுவை வேலிக்கு ஒன்றும் வேண்டாம். ஆண்டில் பாதிக்கும் மேல் அது இலையின்றி நிற்பதால், காய்ந்த மிலாறு நுனிகளைப் போத்து நடுவதுபோல் நட்டால் ஆயிற்று. அறுத்த சோளத்தட்டின் அடிக்கட்டைக்குத் தேங்காய் நார். 0.2 மில்லிமீட்டர் நார் 87 மடங்கில் தட்டின் கனத்துக்கு அப்படியே வருகிறது. இதை இயற்கையின் திட்டம் என்று சொல்வோர் உண்டு; நாம் சொல்லவில்லை.

இரண்டு வேலிகளுக்கு நடுவே இட்டேரி ஓடும். அதில் ஆவாரை, பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி. சீமைக்கருவேலத்தைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பெட்டியைச் சில ஆண்டு கவனிக்காமல் விட்டால் தானே வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு (பிஏபி) வாய்க்காலை வறண்டதாகவே வைக்கலாம், கண்ணாடித் துண்டு தேவையில்லை; கடைமடையில் பெரும்பாலான நாள்களுக்கு அதுவே உண்மை.

மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றை மட்டும் அனுப்பிவைக்கிறது. ஆகவே ஆடி மாதக் காட்சி என்றால் எல்லாக் கொப்பும் கிழக்கே சாய வேண்டும். காற்றாலை வைப்போர் கவனிக்க: 80 மீட்டர்க் கோபுரம் 92 சென்டிமீட்டர். கண்ணாடிப் பெட்டி மூடாது. மூடியைக் கழற்றிவிட நேரும். தூசி விழுமே என்பது மனைவிமார் தரப்பு மறுப்பு. 0.05 மில்லிமீட்டர் தூசி 87 மடங்கில் நாலு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சரளை. கொறங்காட்டு மண்ணும் வெங்கச்சங்கல் கலந்த சரளைதான். துடைக்க வேண்டியதில்லை.