ஆய்த எழுத்தாகிய சைக்கிள்

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது தமிழ் மரபு. இந்த ஆய்வின் பாயிரம், தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து எழுதப்பட்டது. ஆய்வுப் பொருள்: சைக்கிளை விமானத்தில் ஏற்ற எவ்வளவு கூலி, ஏன் கூலி. ஆய்வுக் குழு: நான், என் அக்கா மகன், சைக்கிள் கடை பாய். களம்: தேன்கனிக்கோட்டை முதல் தேவனஹள்ளி வரை. நிதி உதவி: அக்கா மகன். அதுவும் முழுமனதோடு அல்ல.

அவன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். பெங்களூரிலிருந்து விமானத்தில் லே போய், அங்கிருந்து மணாலிக்குச் சைக்கிள் மிதித்து வர வேண்டும் என்பது அவன் ஆசை. "மலையில இருந்து மிதிச்சு எறங்கறதுக்கு இங்கேயே அஞ்செட்டி ரோடு இருக்கே" என்று அக்கா சொன்னது எடுபடவில்லை. டிக்கெட் வாங்கியாயிற்று. டிக்கெட்டில் 15 கிலோ என்று போட்டிருந்தது. சைக்கிளைப் பற்றி ஒரு சொல் இல்லை. விமானக் கம்பெனிக்குப் போன் செய்தான். முதல் தடவை எடுத்தவர் அது விளையாட்டுப் பொருள் என்றார். இரண்டாம் தடவை எடுத்தவர் அது அளவு மீறிய சுமை என்றார். மூன்றாம் தடவை இசை மட்டும் வந்தது. கடைசியில் கவுன்டரில் அவன் கட்டியது இவை எதிலும் அடங்காத இன்னொரு தொகை.

இந்தக் குழப்பத்தின் வேரைத் தேடியபோதுதான், விமானச் சுமை விதிகளை எழுதியவர்கள் யாரும் தமிழ் இலக்கணம் படிக்கவில்லை என்பது தெரியவந்தது. படித்திருந்தால் மூன்று வரியில் முடித்திருக்கலாம். சுமை மூவகைப்படும். கையோடு உள்ளே வரும் 7 கிலோ பை உயிர். நம்மை விட்டுப் பிரியாது. கவுன்டரில் ஒப்படைக்கும் 15 கிலோ பெட்டி மெய்; தனியே கிடக்கும், யாராவது தூக்கினால்தான் அசையும். சைக்கிளோ உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது. ஆகவே அது ஆய்தம். தனிநிலை என்று ஆய்தத்துக்கு ஒரு பெயர் உண்டு. விமான நிலையத்தில் சைக்கிள் பெட்டியோடு வரிசையில் நிற்பவனின் நிலையும் அதுவே. முப்புள்ளி என்று இன்னொரு பெயர்: கீழே இரண்டு சக்கரம், மேலே ஒரு சீட்டு. ஃ என்ற எழுத்தை உற்றுப் பார்த்தால் நம் முன்னோர் எதைப் பார்த்து அதை எழுதினார்கள் என்ற ஐயம் எழும். சைக்கிள் பிறந்தது 19ஆம் நூற்றாண்டில் அல்லவா என்று கேட்பாரும் உளர். காலக் கணக்கு இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி அளவு. ஒப்படைக்கும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பெரும்பாலான கம்பெனிகளின் சூத்திரம். பழைய 62 அங்குலம்தான் இப்படி சென்டிமீட்டர் வேஷம் போட்டிருக்கிறது. அக்கா மகன் கொண்டுவந்த அட்டைப்பெட்டி 140, 80, 20. கூட்டினால் 240. மூன்று திசைகளையும் ஏன் கூட்ட வேண்டும், நீளத்தோடு கனத்தைக் கூட்டினால் என்ன வரும் என்று பாய் கேட்டார். ஆழமான கேள்வி. பெட்டியை அளந்த அதே டேப்பால் என்னை அளக்கச் சொன்னேன். உயரம் 166, தோள் 45, தொப்பையையும் சேர்த்துக் கனம் 29. மொத்தம் 240. ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசமில்லை. ஆக, நானும் அளவு மீறிய சுமைதான். சீட்டில் மடங்கி உட்காருவதால் மட்டுமே தப்பித்து வந்திருக்கிறேன். சைக்கிளுக்கு முழங்கால் இல்லை. அதற்கான அபராதம்தான் இந்தக் கூலி.

அளவுக்குப் பின் எடை. இங்கேதான் சித்தாந்தம் சிக்கலாகிறது. விமானச் சரக்கில் எடை இருவகைப்படும்: தராசு காட்டும் எடை ஒன்று, இடத்தை வைத்துக் கற்பித்துக்கொள்ளும் எடை இன்னொன்று. பெட்டியின் மூன்று அளவுகளையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுக்க வேண்டும். கூரியர்காரர்கள் 5000-ஆல் வகுப்பார்கள். இரண்டு எடையில் எது அதிகமோ அதற்குக் காசு. நம் பெட்டிக்கு இந்தக் கணக்கில் 37 கிலோவுக்கு மேல் வருகிறது. தராசில் வைத்தால் சைக்கிள் 13, பெட்டி 3, ஆக 16. மீதி 21 கிலோ வெறும் இடம். தளி, ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்த்துக் காதலர் தினத்துக்கு வெளிநாடு அனுப்புகிறவர்களுக்கு இது பழைய செய்தி. பூவுக்கு எடையே கிடையாது. அது அடைக்கும் இடத்துக்குத்தான் வாடகை.

இந்தக் கோட்பாட்டை யார் முதலில் கண்டுபிடித்தது என்று மேலைநாட்டார் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். நம் கிராமத்து பஸ் கண்டக்டர்களின் உரிமையை நான் இங்கே பதிவு செய்கிறேன். தராசும் டேப்பும் இல்லாமல், 'இது எத்தனை ஆள் எடம்' என்ற ஒரே பார்வையில் அவர்கள் கணக்கை முடித்துவிடுவார்கள். அரிசி மூட்டையைக் காலடியில் தள்ளி வைத்தவரை விட்டுவிட்டு, பொரி மூட்டையைப் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்தவரிடம் லக்கேஜ் கேட்கும் கண்டக்டர் அந்த 6000 வகுத்தலைத்தான் செய்கிறார். இரண்டு மாநில பஸ்ஸும் ஓடும் எல்லைப்பகுதி ஆகையால் உரைவேறுபாடும் நமக்கு உண்டு. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு பஸ்ஸில் பெங்களூரிலிருந்து மைசூருக்கு ஒரு பாட்டியும் பேத்தியும் நான்கு லவ்பேர்ட்ஸைக் கூண்டில் கொண்டுபோனார்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் என்பதால் பாட்டிக்கும் பேத்திக்கும் காசு இல்லை. பறவைகளுக்குத் தலைக்கு 111 ரூபாய் வீதம் 444 ரூபாய் டிக்கெட். சிறகு உள்ளது தரையில் போனாலும் கூலி, சக்கரம் உள்ளது வானத்தில் போனாலும் கூலி என்று இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது.

16 கிலோவில் ஒரு கிலோவையாவது குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஸ்டாண்டைக் கழற்றினோம். பாட்டில் கம்பி, மட்கார்டு, மணி போயின. சீட்டைக் கழற்றிக் கைப்பையில் வைக்கலாம் என்றான் அக்கா மகன். மிலிந்தன் என்ற யவன அரசனிடம் நாகசேனர் என்ற பிக்கு கேட்ட கேள்வி பௌத்த நூல்களில் உண்டு: நீ வந்த தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா? எதுவும் இல்லை என்றால் தேர் எங்கே? அரசன் தேரைக் கழற்றிப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம். எந்தத் திருகாணியைக் கழற்றும்போது சைக்கிள் சைக்கிளாக இருப்பதை நிறுத்துகிறது என்று கவனித்தபடியே இருந்தேன். பெடலைக் கழற்றும்போது என்பது என் கருத்து. பாய்க்கு அதில் உடன்பாடில்லை. காசு கொடுக்காமல் எடுத்துப் போகும்போதுதான் என்றார்.

பெடலைக் கழற்றத் தெரியாமல் அழுத்தித் திருகி மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். வலது பெடல் வழக்கம்போலக் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. கழன்று விழாத இந்தப் பெடலைத் தங்கள் வண்டியின் சிறப்பாக 1900இல் விளம்பரப்படுத்திய ஒரு கடை அமெரிக்காவின் டேட்டன் நகரில் இருந்தது. கடைக்காரர்கள் அண்ணன் தம்பி. வில்பர் ரைட், ஆர்வில் ரைட்.

இந்த இடத்தில் ஆய்வாளன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசிக்கக் கடமைப்பட்டவன். 1901இல் அவர்கள் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு சக்கரத்தைப் படுக்கவைத்துப் பொருத்தி, அதன்மேல் தகடுகளை நிறுத்தி, தெருவில் வேகமாக மிதித்துத்தான் காற்று எவ்வளவு தூக்கும் என்று பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று பறந்த அந்த எந்திரத்தின் விசிறியைச் சுழற்றியது செயினும் பல்சக்கரமும். தண்டவாளத்தில் அதை உருட்டிவிட்டவை சைக்கிள் ஹப்புகள். விமானம் சைக்கிள் கடையில் பிறந்த பிள்ளை. அது வளர்ந்து பெரிய கம்பெனியில் சேர்ந்து, பெற்ற தாய் வாசலில் வந்து நின்றால் 'அம்மா, நீ 240 சென்டிமீட்டர்' என்கிறது.

அந்தக் குழந்தையும் முதலில் லக்கேஜாகத்தான் பயணம் செய்தது என்பதை யாரும் அதற்கு நினைவூட்டுவதில்லை. டேட்டனிலிருந்து கிட்டி ஹாக் மணல்மேட்டுக்கு ரயிலிலும் படகிலும் கட்டுக்கட்டாகப் போயிற்று. 1907இல் ஒரு விமானத்தைப் பெட்டிகளில் அடைத்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வில்பர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒடிந்ததும் கிழிந்ததுமாகக் கிடந்தது. சரியாக அடுக்கத் தெரியவில்லை என்று தம்பிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். சுங்கத்துறை ஆட்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அலங்கோலமாக அடைத்த வேலை அது என்று பிறகுதான் தெரிந்தது. பெட்டிமேல் 'உடையும் பொருள்' என்று எழுதி ஒட்டியவர்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

டயரில் காற்றை இறக்கிவிட வேண்டும் என்று இன்னொரு விதி. மேலே போகப் போக டயர் வெடித்துவிடும் என்ற அச்சம் இதன் அடிப்படை. பாய் 40 பவுண்டு காற்று அடித்துக் கொடுத்தார். பறக்கும்போது விமானத்துக்குள் அழுத்தம் குறைந்தாலும், 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குக் கீழே போகவிடுவதில்லை. சரக்கு அறையிலும் அப்படித்தான். ஓசூர், பெங்களூர் மேட்டுநிலம் ஏற்கெனவே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் டயருக்குக் கூடுவது இரண்டரைப் பவுண்டுக்கும் குறைவு. சித்திரை வெயிலில் பஸ் நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனாலே அவ்வளவு ஏறும். இன்னும் வேடிக்கை, லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவானத்தில் இருந்ததைவிட அங்கே தரையிறங்கி நிற்கும்போதுதான் டயர் அதிகமாக விம்மும். அங்கே யாரும் காற்றை இறக்கச் சொல்வதில்லை. பெங்களூரில் இறக்கிய காற்றைத் திரும்ப அடிக்க வேண்டிய இடத்தில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். பம்ப் அடிப்பவனுக்கு மூச்சு வாங்கும்.

பேட்டரி சைக்கிள் என்றால் வாதமே இல்லை. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது. ஊரெல்லாம் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களைச் செய்து தள்ளும் ஓசூருக்கு இதில் ஒரு மனவருத்தம் இருக்கலாம்.

நிலவியல் பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஓசூர்–தளி சாலையில் பேளகொண்டபள்ளியில் ஒரு தனியார் ஓடுதளம் இருக்கிறது. அதன் பக்கமாகச் சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஏறிப் பறக்கத்தான் வழியில்லை. 2008 மே 24 அன்று பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தபோது, 25 ஆண்டுக்கு 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் போட்டி நிலையம் வராது என்ற உறுதி அதற்கு இருந்தது. 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். அதுவரை தேவனஹள்ளிதான். எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காக மிதிக்கும் தூரம் அது.

ஆனால் பெட்டிக்குள் போன சைக்கிள் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போகாது. வாடகைக் காரின் டிக்கியில் நுழையவில்லை. ஓசூர்வரை பஸ், அங்கிருந்து நண்பனின் சின்ன யானை என்று ஏற்பாடாயிற்று. (ராகிக் கொல்லைக்குள் நிஜ யானை வந்து போகும் ஊரில், 'காலையில யானை வருது' என்று போனில் சொல்லும்போது டாட்டா ஏஸைத்தான் சொல்கிறோம் என்று தெளிவுபடுத்திவிடுவது நல்லது.) அவன் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில்தான் மிதிக்கப் பழகினான். விலையில்லாததில் தொடங்கியவன் வந்து சேர்ந்த இடம் இது.

விடிகாலை பஸ்ஸில் நானும் ஏறினேன், ஆய்வின் பொருட்டு. பெட்டியைப் பின்படிக்கட்டுப் பக்கம் நிறுத்திப் பிடித்துக்கொண்டோம். கண்டக்டர் வந்தார். பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"உள்ள என்னப்பா?"

"சைக்கிள்ணா."

"ஓடற சைக்கிளா?"

"நல்லா ஓடும்ணா."

அவர் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மெஷினில் ஓர் ஆள் டிக்கெட்டை லக்கேஜுக்கு அடித்துக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"அப்ப எதுக்கு பஸ்ஸுல வர்ற?"

அக்கா மகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாக ராகிக் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.