படங்களின் பட்டாதாரர்

வசிக்கிற வீடு வாடகை வீடாயிருக்கலாம். கல்யாணத்துக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு வரலாம். ஆனால் பார்க்கிற சினிமாப் படம் மாத்திரம் தமக்குச் சர்வ சுதந்திர பாத்தியதையுடன் சொந்தமாயிருந்தாக வேண்டும் என்று திடசங்கற்பம் செய்துகொண்ட கனவான்கள் நம்மிடையே சிலர் உண்டு. இவர்களைப் படங்களின் பட்டாதாரர்கள் என்று அழைப்பதில் பிசகொன்றுமில்லை.

1980-களில் தெருவுக்குத் தெரு வீடியோ லைப்ரரிகள் முளைத்து, டி.வி.யையும் டெக்கையும் மூன்று காஸெட்டுகளையும் ஓரிரவு வாடகைக்குக் கொண்டுவந்து, அண்டை அயலார் யாவரும் கூடத்தில் பாய் விரித்து விடிய விடியப் பார்த்துக் கண் சிவந்து எழுந்த அந்த வைபவ காலத்திலேயே நமது பட்டாதாரர் ஒதுங்கித்தான் நின்றார். "பொழுது விடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய வஸ்துவின்பேரில் மனுஷன் எப்படி ஐயா பிரீதி வைப்பது?" என்பார். வாடகைக் காஸெட்டில் அவர் கண்ட தோஷங்கள் பல. முன்பு எடுத்தவர் ரீவைண்டு செய்யாமல் கொடுத்திருந்தால் படம் வில்லனின் மரணத்தில் ஆரம்பமாகும். ஊரார் வீட்டு டெக்குகளிலெல்லாம் புகுந்து புறப்பட்ட நாடாவில், கதாநாயகன் வசனம் பேசுகிற சமயம் பார்த்து மழை பெய்யும். ஆகவே, ஒருநாள் வாடகையைப்போல் பன்மடங்கு விலை கொடுத்து அசல் காஸெட்டாக வாங்கி, உறையின்மேல் தம் பெயரையும் தேதியையும் எழுதி, ஸ்டீல் பீரோவில் பூட்டி வைப்பார். பூட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு நிதானமாக வரும். பார்ப்பது என்ற காரியம் அப்புறம். அதற்கென்ன, ஆயுள் பூராவும் இருக்கிறதே!

ஆனால் திரைப்படம் நிலத்தைப்போல் ஓரிடத்தில் கிடக்கிற சொத்து அல்ல. 1976-ல் ஜப்பானில் பிறந்த வி.எச்.எஸ். காஸெட்டுக்குப் பின் வி.சி.டி. வந்தது; அதன் பின் டி.வி.டி.; 2006-ல் புளூ-ரே. அவதாரந்தோறும் பட்டாதாரர் அதே படங்களை மறுபடி கிரயம் செய்தார். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' அவரிடம் மூன்று வடிவங்களில் இருக்கிறது, பார்க்கத்தான் நேரமில்லை. வி.சி.டி.யோ ஒரு தட்டில் ஒரு மணிக்குச் சற்று மேல் கொள்ளாத ஜன்மம். நம்மவர் எடுக்கும் நீளமான படங்களுக்கு இரண்டு, மூன்று தட்டுகள் வேண்டும். எப்போதாவது ஒரு தட்டு தொலைந்தால் அது நடுத்தட்டாகத்தான் இருக்கும். அவர் வீட்டுப் படமொன்றில் கதாநாயகி முதல் தட்டில் கோபித்துக்கொண்டு பிறந்தகம் போவாள். மூன்றாம் தட்டில் கைக்குழந்தையுடன் சிரித்துக்கொண்டிருப்பாள். இடையில் நடந்ததைப் பெரியவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனியார் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கடைகளில் குவித்தபோது அவர் செய்த ஆஸ்திச் சேகரத்தைப் பார்த்து, அவருடைய சகதர்மிணி இரண்டாவது பீரோவுக்கு இடமில்லை என்று பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் உலகத்திலேயே கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய புனாய் கம்பெனியும் நிறுத்திக்கொண்ட செய்தியைப் படித்துவிட்டு, பூஞ்சை பூத்த தம் காஸெட்டுகளை அவர் வெயிலில் காயவைக்கலானார்.

அவருடைய மைத்துனன் வாடகைக் கட்சி. இணையத்தில் ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தால், பெரும்பாலும் முப்பது நாளைக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தபின் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. கெடு என்று ஒன்று இருப்பதால் அவன் பார்த்துவிடுகிறான். அவன் எடுத்து அவன் பார்க்காத படம் கிடையாது. பட்டாதாரரோ தமது பீரோவிலுள்ள எந்தப் படத்தின் முடிவைப்பற்றிக் கேட்டாலும், "அதைச் சொல்லிவிட்டால் ரஸம் கெட்டுவிடும்" என்று நழுவிவிடுவார்.

சென்ற ஆண்டு அவரும் காலத்தை அனுசரித்து, இணையத்தில் 'வாங்கு' என்றிருந்த பொத்தானை அழுத்தி ஒரு படத்தை விலைக்கு வாங்கினார். வாங்கியதை எங்கே வைப்பது என்பது முதல் சங்கடம். மைத்துனன் நிபந்தனைகளை வாசித்துக் காட்டியது இரண்டாவது.

"அத்தான், நீங்க வாங்கினது படத்தை இல்லை. பார்க்கறதுக்கு ஒரு அனுமதி. அவங்க உரிமை போயிட்டா உங்க அனுமதியும் போகலாம்."

"கிரயம் என்று சொல்லிக் குத்தகைச் சீட்டா கொடுத்தான்?"

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தார் இந்த விவகாரத்துக்கென்றே 2024-ல் சட்டம் இயற்றி, இப்படிப்பட்ட விற்பனை வெறும் உரிமம்தான் என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அல்ட்ராவயலட் என்று ஒரு டிஜிட்டல் படப்பெட்டகம் இருந்து, 2019 ஜூலை 31-ல் மூடப்பட்டதையும் மைத்துனன் சொன்னான். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு பட்டாதாரருக்கே. ஒப்பந்தம் தீர்ந்ததும் நேற்றிருந்த படம் இன்று தளத்தில் காணாமற்போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பீரோவிலுள்ள தட்டை நடுராத்திரியில் வந்து எந்தக் கம்பெனியும் எடுத்துப் போனதாகக் கேள்வியில்லை.

மறு வாரமே அவர் அதே படத்தின் புளூ-ரே தட்டை வரவழைத்தார். வீட்டிலிருந்ததோ பழைய டி.வி.டி. பெட்டி. புளூ-ரே தட்டைப் போட்டால் அது விழித்துவிட்டு, தட்டை மரியாதையாக வெளியே தள்ளியது.

"ஓடலையே, அத்தான்" என்றான் மைத்துனன்.

"ஓடாவிட்டால் போகிறது, மாப்பிள்ளை. யாராவது வந்து பிடுங்க முடியுமா, சொல்லு!" என்று தட்டைத் துடைத்து உறையிலிட்டு, தேதி எழுதப் பேனாவைத் தேடலானார்.